ஓட்டம், பிறகு மூச்சு

அல் கூஸில் டயர் கடைக்கும் மீன் குளிர்கிடங்குக்கும் நடுவே
முதல் மாடி.
வளையல்களைக் கழற்றி
பச்சை ஆப்பிளின் தோல் கிடக்கும் தட்டிலேயே வைக்கிறேன்.
வாய் உலர்ந்து சொடுக்கக் கூடாது.
கையும் பேசக் கூடாது.
ஷினோஜ் ஏ.சி.யை அணைக்கிறான், அது முனகுமாம்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
இன்னும் மூன்று நிமிடத்தில்
நான் பனிமலை ஏற வேண்டும்.

பத்தொன்பது வருடமாக எனக்குப் பன்னிரண்டு வயது.
பெயர் டிங்கு.
சைக்கிள் உண்டு, முன்பல் ஒன்று இல்லை,
அதனால் 'ஸ' வரும் இடமெல்லாம் காற்று.
மிச்ச நேரத்தில் மரிய புஷ்பம்,
கராமாவில் பல் மருத்துவமனை வரவேற்பு மேசை.
விசாவில் அலுவலக எழுத்தர்.
குரலுக்கு விசாவில் கட்டம் கிடையாது.

வசனம் சுலபம்.
அடைப்புக்குறிக்குள் வருவதுதான் கஷ்டம்:
ஓட்டம், பிறகு மூச்சு.
மாங்காய் வாயில் இருக்கப் பொய்.
விழுதல், வலிக்காதது போல்.

தூத்துக்குடியில் நான் ஓடியதில்லை.
சிரித்தால்கூட
"மெதுவா, தெருவுக்குக் கேக்குது" என்பார் அப்பா.
இங்கே, பஞ்சு ஒட்டிய நான்கு சுவருக்குள்,
செருப்புக்கூடச் சத்தம் போடும் என்று வெறுங்காலில்
அசையாமல் நின்றபடி
எத்தனை தெரு ஓடிவிட்டேன்,
எத்தனை பேரை 'டேய்' போட்டுவிட்டேன்.

ஒருமுறை அம்மா வேடம் கொடுத்தார்கள்.
ஒரே வரி: "கண்ணு, சாப்பிட வா."
நவநீதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தார்:
"அம்மா மாதிரி நடிக்கிற பையன் மாதிரி இருக்கு."
இரண்டாவது டேக் கேட்கவில்லை.
வீட்டில் இரண்டு பிள்ளைகளை
அந்தக் குரலில்தான் வளர்த்தேன்.

இன்னொருமுறை நிஜப் பையனையே பிடித்து வந்தார்கள்.
அஜ்மானில் ஐந்தாம் வகுப்பு, ஹர்ஷத்.
நன்றாகத்தான் படித்தான்.
கேட்ட எல்லோரும் சொன்னார்கள்:
பையன் மாதிரி இல்லையே.
ஐம்பது திர்ஹம், ஒரு மாம்பழ ஜூஸ், போகச் சொல்லிவிட்டார்கள்.
படியில் எதிரே வந்தவன்
அக்காவா ஆன்ட்டியா என்று தடுமாறி
எதுவும் சொல்லாமல் இறங்கினான்.

ரோலாவில் பில் போடும் வரிசை.
தள்ளுவண்டியிலிருந்து இறங்கி ஒரு பொடியன் அழுகிறான்.
எனக்குக் கால் வலி, பொறுமை இல்லை.
"எவன்டா அது, என் காதைக் கிழிக்கிறவன்?"
சட்டென்று அழுகை நின்றது.
அவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
என்னைச் சுற்றிக்கொண்டு போய்
எனக்குப் பின்னால் தேடினான்.
வெங்காயப் பைக்குப் பின்னாலும்.

இந்த ஜூலை.
நாள் தள்ளிப்போய் நான்காவது மாதம்.
வியர்த்ததை, ஏ.சி. இல்லாததால் என்று நினைத்தார்கள்.
"புடிங்கடா அவனை!"
'பு' மேலே போனது,
நடுவழியில் பிளந்து
கீழே எங்கேயோ ஓர் ஆம்பளைக் குரலில் போய் விழுந்தது.
மறுபடி.
தண்ணீர்.
மறுபடி.
திரையில் கோடு
ஆணியில் மாட்டிய சேலைபோல் அதே இடத்தில் கிழிகிறது.
"சேச்சி, ஜலதோஷமா?"
இல்லை என்றேன்.

நவநீதன் வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.
பிறகு மைக்கில்:
"அவனுக்கும் பன்னிரண்டு முடிஞ்சு
எத்தனையோ வருஷம் ஆச்சே.
உடையட்டும். வெச்சுக்கலாம்."
தெரிந்து சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஷார்ஜா போகிற நெரிசலில்
கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
உடைந்தது.
இன்னொரு தரம். வேறு இடத்தில் உடைந்தது.
பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்,
பதின்மூன்று வயதுக்காரன் எவனும்
கார் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த வாரத்துத் தாள் பையில் இருக்கிறது.
டிங்கு வேப்பமரத்திலிருந்து குதிக்கிறான்.
விழுதல், என்று மட்டும் போட்டிருக்கிறது.
வலிக்காதது போல் என்று
இந்த முறை எழுதவில்லை.