மங்கு

மூக்குக்கண்ணாடி மாற்றத்தான் போனேன்,
லாபிஸ் பெரிய சாலையில், ரொட்டிக் கடைக்கு அடுத்த கடை.
மைனஸ் ஏழரை. வருஷத்துக்கு வருஷம் தடிக்கும் கண்ணாடி.
கடைப் பையன் கண்ணில் காற்றை ஊதிப் பார்த்து
பதினேழு, நல்ல எண் என்றான்.
பிறகு விளக்கைக் கிட்டப் பிடித்தவன்
பேச்சை நிறுத்திவிட்டான்.

வலியில்லை. சிவப்பில்லை.
ஊசியில் நூல்கூடக் கோர்க்கிறேன்.
எதற்கு சிகாமட் ஆஸ்பத்திரிக்குத் துண்டு?

செம்பனை ஆலையில் தராசு என் பொறுப்பு.
லாரி ஏறும், எண் விழும், எழுதுவேன்.
இருபத்தாறு வருஷத்தில் ஒரு கிலோ கூட்டிப் போட்டதில்லை.
ஆகவே டாக்டர் ஹனிசா சொன்னது உடனே விளங்கிற்று:
கருவிழித் தோல் மெலிசு, காக்.
மெலிந்த தோலில் அளந்தால்
அழுத்தம் குறைத்துத்தான் காட்டும்.
சுழியம் சரிபார்க்காத தராசு.
பதினேழு, பதினேழு இல்லை.

மரக்க மருந்து விட்டு, கண்மேல்
ஒரு கண்ணாடிக் குமிழை வைத்து உள்மூலையைப் பார்த்தார்.
கோணம் திறந்துதான் இருக்கிறதாம்.
திறந்திருந்தால் நல்லதுதானே?
வாசல் திறந்திருக்கிறது, உள்ளே சல்லடைதான் தூர்ந்துவிட்டது என்றார்.
நீர் போகிறது, ஊறுகிற வேகத்துக்குப் போகவில்லை.

வயது? ஐம்பத்து மூன்று.
இனிப்பு நீர்? உண்டு.
சொட்டு மருந்து ஏதும்?
ஆலைப் புகைக்குக் கண் சிவந்தால் விடுவது,
கடையில் வாங்கி, நாலு வருஷமாக.
அவர் பேனா நின்றது.
ஸ்டீராய்டு கலந்ததா என்று கேட்டார்.
ஊரார் எடைச்சீட்டெல்லாம் படித்தவள்
அந்தப் புட்டியைப் படித்ததில்லை.
குடும்பத்தில் யாருக்காவது பார்வை போனதா?
இல்லை என்றேன்.

அடுத்த அறையில் வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம்.
நடுப்புள்ளியை விட்டுக் கண் நகரக்கூடாது,
ஓரத்தில் ஒளி மின்னினால் பொத்தான்.
தெக்கான், காக், தெக்கான், என்றாள் தாதி நோராய்னி.
வெளிச்சம் வரவில்லை.
வெகுநேரம் வரவில்லை.
பயந்து, வராத வெளிச்சத்துக்கு அழுத்தினேன்.
இன்னொரு தடவை. இன்னும் ஒன்று.
தாள் வந்தது: பொய் விடைகள் அதிகம்.
என் பேரில் முதல் கள்ளக் கணக்கு.

மறுபடி உட்கார்ந்தேன். தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினேன்.
இடக்கண்ணில், மூக்கோரம், கீழ்ப்பக்கம்
பிறை வடிவில் கறுப்பு.

படத்தைத் திருப்பிக் காட்டினார்.
நரம்பு நுழையுமிடத்தில் எல்லாருக்கும் சின்னக் குழி உண்டு,
உங்களுடையது விளிம்பைத் தின்று அகன்றிருக்கிறது,
மங்குக் மாதிரி.

மங்கு.
பால்மரத்தில் கட்டுவது.
அப்பா நிரையில் நானூறு மங்கு.
கடைசி வருஷங்களில் துடைக்காமல் விட்டு வருவார்,
கீழே கட்டியதாகப் பார்த்து விட்டு வருவார்,
கங்காணி சம்பளத்தில் பிடிப்பார்.
சாயங்காலம் லோங்காங்கில் விழுவார்.
சம்சு என்றாள் அம்மா. சம்சு என்றேன் நானும்.
குடிகாரனுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று
குணாளன் பஸ் ஏறிப் போனான்.

குடித்தார், சனிக்கிழமைகளில்.
செவ்வாய்க்கிழமையும் விழுந்தாரே.

நிச்சயமில்லை.
அவர் கண்ணுக்குள் யாரும் விளக்குப் பிடித்ததில்லை.
ஆனாலும், டாக்டர், முன்னே சொன்ன பதிலை
ஒரு கோடு போட்டு அடித்து
பக்கத்தில் மாற்றி எழுதுங்கள்.
கையெழுத்து நான் வைக்கிறேன்.

போனது திரும்பாது. இருப்பதைக் காக்க
ராத்திரிக்கு ஒரு சொட்டு, ஆயுசுக்கும்.
உடன்பிறந்தவர்களைக் கூட்டி வாருங்கள் என்றார்.

பஸ் நிலையத்தில் நின்று
பாசிர் கூடாங் எண்ணை அழுத்தினேன்,
எட்டு வருஷம் கழித்து.
லாரி இரைச்சலுக்குள்ளிருந்து: யாரு?
நான்தான். போய்க் கண்ணைக் காட்டு.
ஏன், எனக்கு நல்லாத்தானே தெரியுது?

எனக்கும் நல்லாத்தான் தெரியுது, குணா.