நாடா

டுலூத்தில் மார்ச் என்றால்
காலண்டரில் மட்டும் வசந்தம்.
ஏரி இன்னும் விரிசல் விட்டு முனகிக்கொண்டிருக்கிறது.
இரவுப் பணி முடிந்து வந்து
சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறக்கிறேன்.
முதுநிலைச் செவிலியர் படிப்பு, விண்ணப்பம், பக்கம் மூன்று.
ஒரே ஒரு கட்டத்தில் குறியிடவும்:
குடும்ப மருத்துவம்
மயக்க மருந்து
முதியோர்
குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலம்

மயக்க மருந்தை எடு என்கிறாள் டெனிஸ்.
சம்பளம் இரண்டு மடங்கு,
நோயாளி உன்னிடம் பேசவே மாட்டான்.
வேடிக்கையாகத்தான் சொன்னாள். பாதி.

டேரல் மின்கட்டணத் தாளின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.
படிப்புக் கடன், களப்பயிற்சிக்குப் போய்வரப் பெட்ரோல்,
நான் விடப்போகும் இரவுப் பணிகள்.
கூட்டுத்தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.
அதன் கீழே, வேறு பேனாவில்: பரவாயில்லை.

நான் ஏழாம் எண் அறையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பரில் அங்கே ஒரு பையன். பதினைந்து வயது.
பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.
வந்த இரவு முதல் வேலையாக
அவன் காலணியிலிருந்து நாடாவை உருவினேன்.
விதி அது. பெல்ட், சட்டைத் தொப்பியின் கயிறு, சார்ஜர் ஒயர்,
எல்லாம் ஒரு காகிதப் பைக்குள்.
ஒரு காலை முடித்ததும்
கேட்காமலே மறு காலை நீட்டினான்,
செருப்புக் கடையில் அளவுக்கு நீட்டுவதுபோல.
எனக்கு முன்னால் எத்தனை பேர் உருவியிருக்கிறார்கள் என்று
அப்போதுதான் உறைத்தது.

மாநிலத்தில் எங்கும் படுக்கை காலி இல்லை.
சன்னல் இல்லாத அறையில் ஒன்பது நாள்,
கதவோரம் சுடோகு போடும் காவலர்.
எலும்பு முறிந்தவர்கள் வந்தார்கள், போனார்கள்.
மாரடைப்பில் வந்தவர்கூட நடந்து வீடு திரும்பினார்.
ஏழாம் அறையில்
இரத்த அழுத்தம் பார்ப்போம், சாண்ட்விச் கொடுப்போம்,
எப்படி இருக்கே என்போம்.
பதில் வருமுன் வேறு அறையில் மணி அடிக்கும்.

ஆறாம் இரவு, மூன்று மணிக்கு, அவனாகவே பேசினான்.
இரும்புத்தாதுக் கப்பல்களைப் பற்றி.
தூக்குப்பாலத்தைப் பார்த்துக் கப்பல் ஊதும்,
பாலம் திருப்பி ஊதும்.
"ஊதித்தான் ஆகணும். சட்டம்னு நெனைக்கிறேன்."
வாய் திறந்தேன்.
பதினோரு வருடச் செவிலி நான்,
பச்சிளம் குழந்தையின் நூல் நரம்பிலும் ஊசி ஏற்றுவேன்.
அடுத்த கேள்வி எனக்குத் தெரியவில்லை.
போர்வை வேண்டுமா என்றேன்.
வேண்டும் என்றான், என்மேல் இரக்கப்பட்டு.

பத்தாம் நாள், மாநில எல்லை தாண்டி, ஃபார்கோவில் இடம் கிடைத்தது.
ஆம்புலன்ஸ் அவசரத்தில் காகிதப் பை போயிற்று.
ஒரு நாடா போகவில்லை.
துவைத்த சீருடையின் பாக்கெட்டில் சுருண்டு கிடந்தது, சாம்பல் நிறம்.
முகவரி கேட்டேன். தரமாட்டோம் என்றார்கள். சரிதான்.
இப்போது இழுப்பறையில்,
பாட்டரிகளுக்கும் ரப்பர் பேண்டுகளுக்கும் நடுவில்.

ஏன் இந்தத் துறை? ஐந்நூறு சொற்களுக்குள்.
ஆர்வம் என்று எழுதி அழித்தேன்.
சேவை என்று எழுதி, சீ என்று அழித்தேன்.
அடுத்த கேள்வியைக் கற்றுக்கொள்ள என்று எழுதினேன்.
அதை அழிக்கவில்லை.
நான்காவது கட்டத்தில் குறியிட்டுவிட்டுக் காபி போடப் போனேன்.

திரும்பி வந்தால் திரையில்:
நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் உள்நுழையவும்.
கட்டங்கள் எல்லாம் காலி. அந்த ஒரு வரியும் இல்லை.

தெருவில் டேரலின் வண்டி பனியை வாரிக்கொண்டு போகிறது.
சற்றுமுன் போட்ட குறி அந்தப் பையனுக்காக.
அவன் ஃபார்கோவில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம்,
மூன்றாவதை நான் சொல்லமாட்டேன்.
இந்தக் குறிக்கு அவன் வரமாட்டான்.
வேறு யாரோ வருவார்கள், கதவை உதைத்துக்கொண்டு,
கப்பல்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.

கடவுச்சொல். தவறு. மறுபடியும்.
பக்கம் ஒன்று. பெயர்: பிரிட்டா ஹாலோனன்.
பக்கம் இரண்டு.
காபி ஆறட்டும்.
பக்கம் மூன்று.