முதல்

மத்தி டப்பா ஆலையை மூடிய வாரம்
எனக்கு ஐம்பத்தேழு.
"இனிமேல் பேரன் பேத்தி என்று…" இழுத்தார்கள்.
எனக்குப் பிள்ளையே இல்லை.

செத்தூபலில் எந்தச் சலவைக்கடையும்
மீனவர் உடுப்பை வாங்காது.
நாறும். அடுத்தவர் துணியிலும் ஏறும்.
முப்பத்தொரு வருஷம்
பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக வந்தது
அதே நாற்றத்தால்தான்.
போக்க எனக்குத் தெரியும்:
முதலில் பச்சைத் தண்ணீர், சுடுநீர் ஆகவே ஆகாது,
பிறகு காடி,
சோப்பெல்லாம் கடைசியில்.

வங்கியில் ஒரு பையன். டை கோணல்.
"பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பீர்கள்?"
அறுபத்தேழாக, என்றேன்,
நீ கடன் தந்தாலும் தராவிட்டாலும்.
"முதல் என்ன போடுவீர்கள்?"
மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

தரவில்லை.

ஆலைக்காரன் கொடுத்த இழப்பீட்டில்
ஜசிந்தாவும் நானும் வாங்கிய பழைய மெஷின் இரண்டு.
ஒன்று சுற்றச் சுற்ற நகர்ந்து
கதவுவரை வந்துவிடும்.
அவள் அதன்மேல் உட்கார்ந்துதான் கணக்கெழுதுவாள்,
எண்கள் எல்லாம் நடுங்கும்.

இப்போது பதினொரு படகு.
வாடகை போக மிச்சம் கொஞ்சம்,
முழங்கால் வலி நிறைய.

நேற்று ஒருத்தி
புருஷன் சட்டையை வாங்கி முகர்ந்தாள்.
மறுபடியும் முகர்ந்தாள்.
"இது அவருடையதுதானா?"