முடிவு தேதி

தார்த்து நகரில் பனி பெய்கிறது.
ஹெல்வே, ஒரு படகு விளையாட்டின் பதிவில்
'அதிகாரபூர்வ விக்கி' என்ற கட்டத்தை நிரப்புகிறாள்.

பத்தே நிமிடம்.
மொண்டெவிடியோவிலிருந்து யாரோ அழித்துவிட்டார்:
'இது ரசிகர்கள் எழுதியது. செல்லாது.'

ரசிகர்களுடையதில்
ஒவ்வொரு துறைமுகத்துக்கும்
ஓத அட்டவணைகூட உண்டு.
விளையாட்டைச் செய்தவர்களுடையதோ
நாலே பக்கம்.
ஏழு வருடம் முன்பு யாரோ தட்டிய கடைசி வரி:
'கரை தெரிந்ததும் படகை,'
காற்புள்ளியோடு நிற்கிறது.

விதி விதிதான்.
நாலு பக்க முகவரியையே ஒட்டுகிறாள்.
அடுத்த கட்டம் கேட்கிறது:
முடிவு தேதி?

எழுதியவர்
தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கலாம்.

காலியாக விட்டு
சேமி என்பதை அழுத்துகிறாள்.
வெளியே
பனி தள்ளும் வண்டி
தெருவைத் தேடிக்கொண்டு போகிறது.