இன்று: ஏப்ரல் 9

காலையில் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.
நூலக வாசலில் மூன்றடிக்கு நாலடிக் கரும்பலகை.
தலைப்பு நிரந்தரம், வெள்ளை எனாமலில்: இன்று.
கீழே சோக்கட்டியில் என் கையெழுத்து.
1865, அமெரிக்காவில் ஒரு தளபதி சரணடைந்தார்.
1940, ஜெர்மன் படை நோர்வேக்குள் நுழைந்தது.
2003, பாக்தாத்தில் ஒரு சிலையை இழுத்து விழுத்தினார்கள்.
"வெளிநாட்டு விசயமா எழுதுங்கோ துஷாந்தினி,
வம்பில்லை" என்பார் நூலகர்.
பதினோரு வருடமாக
வம்பில்லாமல் உலகத்தை எழுதுகிறேன்.

ஷெட் வரிசையில் என் இலக்கம் தொண்ணூற்று நான்கு.
பொலிஸ்காரர் நீலப் பேனையால் உள்ளங்கையில் எழுதினார்.
தொண்ணூற்றொன்றாக இருந்திருக்கலாம்.
சீனன்குடாக் காட்டுக்குள் அந்த இலக்கத் தாங்கியில்தான்
எண்பது வருடத்துக்கு முன், இதே தேதி, ஒரு வியாழன் காலை,
ஜப்பான் விமானமொன்று மூன்று பேரோடு போய் விழுந்தது.
ஏழு நாள் எரிந்ததாம்.
இரும்பு உருகி, பிழிந்து போட்ட சேலைபோல்
இன்னும் அங்கேயே கிடக்கிறது.
வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாய் எண்ணெய் ஒளித்த ஊர் இது.
இரண்டு லீற்றருக்கு நிற்கிறோம்.

ஸ்கூட்டிக் கூடையில் நாட்காட்டித் தாள்.
நாளைக்குக் கிழிக்கவேண்டியது,
பின்பக்கம் வெறுமையென்று இன்றே கிழித்தேன்.
பிலவ வருடம், பங்குனி இருபத்தாறு, சனி, அட்டமி.
இராகு ஒன்பது முதல் பத்தரை.
தொட்டது துலங்காது.

முன்னால் கிண்ணியா நிஸ்தார், வள்ள எஞ்சினுக்குக் கலனோடு,
ஏழாவது நோன்போடு.
"இதே தேதிதான் புள்ள, என்ட மூத்தவன் பொறந்த.
பாலமில்லாத காலம். பாதை நடுக்கடல்ல நிக்க
நோவு வந்திட்டு.
வீடு அந்தக் கர, ஆஸ்பத்திரி இந்தக் கர.
பொறந்த இடம் என்னண்டு கிளாக்கர் கேட்டாரு.
கடல் எண்டு போடச் சொன்னன். போடல்ல."
தாளின் பின்னால் போட்டேன்: கடல்.

பின்னால் ஓட்டோ பந்துல எட்டிப் பார்த்தார்.
"எனக்குப் போன வருசம் இண்டைக்குத்தான் அக்கா
கடவாய்ப் பல்லு புடுங்கினது. லேசில்ல. அதும் எழுது."
எழுதினேன்.

வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போன
பிலோமினா ரீச்சர் நின்று மூச்சு வாங்கினார்.
"நாளைக்குக் குருத்தோலை. இண்டைக்கு ஒண்டுமில்லை.
ஒண்டுமில்லை எண்டே எழுதும் பிள்ளை,
அதுவும் ஒருநாள் வேணும்."

இராகு கழிந்த பிறகு
பந்துலவின் போனுக்குள் கொழும்புக் கடற்கரை:
சனம், கொடி, குடை, ஒரு குழந்தையின் செருப்பு.
"இதும் போடலாமா?"
யாரும் வாய் திறக்கவில்லை.
பொலிஸ்காரர் கடலைப் பார்த்தார்.
எண்பது வருடம் கழித்துப் பலகை எழுதப்போகிறவளுக்கு
இது ஒரு வரி.
எங்களுக்கு வெயில்.

கடைசியாக, கையால் மறைத்து,
என்னுடையதையும் எழுதினேன்.
ஒரு வருடம். ஒரு பெயர். மண்ணெண்ணெய்ப் போத்தல்.

தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் மான் வந்தது.
இந்த ஊர் மானுக்குப் புல்லைவிடத் தாளில் பிரியம்.
முதலில் கடல். பிறகு பல்.
ஒன்றுமில்லையைக் கொஞ்சம் மென்று பார்த்தது.
என் வரி எந்தக் கடியில் போனதென்று
நான் பார்க்கவில்லை.
கலைக்கக் கை ஓங்கினேன்.
"உடுங்க புள்ள, பசியாக்கும்" என்றார் நிஸ்தார்,
சஹரிலிருந்து பச்சைத்தண்ணி படாத வாயால்.
அட்டமி மட்டும்
மானின் மூக்கில் சற்று ஒட்டிக்கிடந்து விழுந்தது.

எழுபத்தாறோடு பெற்றோல் முடிந்தது.
கலைந்துபோகிற சத்தம் பெரிதாய் ஒன்றுமில்லை,
கலன்கள் கலன்களோடு இடித்துக்கொண்டன.
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நூலகம் வந்தேன்.
ஈரத் துணியால் நோர்வேயைத் துடைத்தேன், சிலையைத் துடைத்தேன்.
கறுப்பாய், ஈரமாய், கொஞ்ச நேரம்
பலகையில் எதுவும் இல்லை.
அங்கே எழுதியிருக்கலாம். சோக்கட்டி கையிலிருந்தது.
உள்ளங்கையில் தொண்ணூற்று நான்கு
வியர்வையில் பரவி, வேறேதோ இலக்கம்போல் தெரிந்தது.

நாளைக்கானதை இப்போதே எழுதிவைத்தேன்.
1912, டைட்டானிக் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.
வெளிநாட்டு விசயம்.
வம்பில்லை.