பெயரடை

லைட் சாலை நீதிமன்றத்தில்
பத்தே முக்காலுக்கு
வழக்கறிஞர் ஊய்
மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவி
ஒரு சொல்லை எடுத்துச்
சாட்சிக் கூண்டுக்குள் போட்டார்:
லிட்டிஜியஸ்.

கூண்டில் நின்றவள்
பூங்காவனம், அனாக் பெரெம்புவான் சடையன்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
கழிவறை துடைத்தவள்.
பதினான்கு மாதச் சேமநிதி,
சம்பளத்தில் பிடித்தார்கள்
கட்டவில்லை.
என் பக்கம் திரும்பினாள்.
"என்னம்மா சொல்றாரு?"

நான் மொழிபெயர்ப்பாளர்.
எனக்குக் கருத்து இருக்கக் கூடாது
சொல் இருந்தால் போதும்.
அந்த நிமிடம் அதுவும் இல்லை.

வழக்காடி என்று வாய்வரை வந்தது;
வாயாடியின் தங்கச்சி போல் ஒலித்தது.
வம்புக்காரி என்றால்
தீர்ப்பை நானே எழுதியதாகிவிடும்.
கோர்ட்டுப் படி ஏறிப் பழகியவர்?
காலையில் இவள் ஏறியதைப் பார்த்தேன்,
ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு.
பழகிய முட்டி இல்லை அது.

நம்மிடம் சண்டையும் வழக்கு,
சொல் புழங்கும் விதமும் வழக்கு.
பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு,
வல்லடி வழக்கு.
தினமும் செய்தால் வழக்கம்,
யாரும் செய்யாவிட்டால் வழக்கொழிந்தது.
இவ்வளவு வைத்துக்கொண்டு
நான் ஊமையாக நின்றேன்.

ஊய் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
பதினோரு ஆண்டில் ஆறு வழக்கு, யாங் ஆரிஃப்.
காலைக் கதவில் நசுக்கிய பேருந்து,
முன்பணத்தை விழுங்கிய வீட்டுக்காரர்,
ஓடாத லிஃப்டுக்கு
இரண்டு வருஷம் காசு வாங்கிய அடுக்குமாடி நிர்வாகம்...
நாலில் அவள் ஜெயித்ததற்கு
அவரிடம் விரல் இல்லை.
(மாமர வழக்கில் தோற்றது நியாயம்தான்.
மரம் பக்கத்து வீட்டுடையது.)

"மிஸ் இன்டர்பிரெட்டர்" என்றார் யாங் ஆரிஃப்.

"நீங்க வழக்கமா
வழக்குப் போடுறவங்களாம்மா" என்றேன்.

துணிக்கடைப் பையை
இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.
உள்ளே ரசீதுகள்,
இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக.
"வழக்கமா குடுக்காதவங்களுக்கு
இங்கிலீஷ்ல என்னா பேரு?
கேளும்மா அவர."

கேட்டேன். அது என் வேலை.
அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி,
அவள் சத்தம் கூட்டிய இடத்தில் கூட்டி.

ஊய் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.
குளிர்சாதனம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
சாட்சி பதில்தான் சொல்ல வேண்டும்,
கேள்வி கேட்கக் கூடாது
என்றார் யாங் ஆரிஃப்,
கொஞ்சம் தாமதமாக.

மதியம் நாசி கண்டார் கடையில்
ஒரு கையில் சோறு, ஒரு கையில் அகராதி.
அந்தச் சொல் யார் யாரோடு புழங்குகிறது என்று பார்த்தேன்.
அண்டை வீட்டார், விதவை, முன்னாள் மனைவி,
ஒரு முழுச் சமுதாயம்.
பெரிய கம்பெனி மேல் ஒட்டும்போது
லேசாகப் பயம் கலந்திருந்தது.
மற்றபடி கேட்கிறவர் முதுகில்தான்.
தராதவர் பெயருக்கு முன்னால்
ஓர் அடையும் காணோம்,
வெறும் பெயராக, சுத்தமாக,
நிர்வாக இயக்குநர் என்று நடந்து போகிறார்.

மூன்று மணிக்கு
என் மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
அடியில் ஒரு படிவம் கிடந்தது.
புக்கிட் மெர்தாஜாம் நீதிமன்றத்துக்கு
நாலு வருஷம் போய் வந்த பயணப்படி.
கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று
கேட்காமலே வைத்திருந்தது.

பெயர் என்ற கட்டத்தில்
பெயரை எழுதினேன்,
முன்னால் எதுவும் சேர்க்காமல்.
தேதி எழுதினேன். தொகை எழுதினேன்.
கடைசி வரியில்
ரசீதுகளை இணைக்கவும் என்றிருந்தது.

என்னிடம் ஒன்றுகூட இல்லை.
பூங்காவனமாக இருந்தால்
வைத்திருப்பாள்.