ஜாகாவின் கழுத்து

பகாவ் டவுனிலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
செம்பனை ஆலைக்கு எதிரே ஒரு கம்பி கேட்டு.
பத்தொன்பது வருஷமாக அதற்கு நான்தான் ஜாகா.
லாரி நம்பர், டிரைவர் பெயர், எத்தனை டன் குலை,
எல்லாம் நீல அட்டைப் புத்தகத்தில் இருக்கும்.
எழுதாதவையும் உண்டு.
அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கழுத்து.
இடது பக்கம், காலருக்குக் கொஞ்சம் மேலே,
ரப்பர் கொட்டை அளவில் ஒன்று.
வலியில்லை. ஆனால்
சம்பள நாளில் பீர் உள்ளே இறங்கினால் மட்டும்
முறுக்கிப் பிடித்து வலிக்கும்.
முனியாண்டி காட்டிக்கொடுக்கிறார் என்றாள் நாகேஸ்வரி.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
பீரை விட்டேன். கொட்டை விடவில்லை.
பகலில் படுத்தாலும் பாய் நனைய வேர்த்தது.

சிரம்பானில் அறுத்தெடுத்து
கண்ணாடியில் வைத்து, சாயம் போட்டுப் பார்த்தார்கள்.
டாக்டர் ஹஸ்லீனா திரையை என் பக்கம் திருப்பினார்.
"அங்கிள், இதில் எது புற்று, சொல்லுங்கள்."
நீலப் புள்ளிகள். ஆயிரம் இருக்கும்.
எல்லாம்தான் என்றேன்.
அவர் பேனா முனையால் ஒன்றைத் தொட்டார்.
ஒன்றே ஒன்று.
பெரியது, இரட்டைக் கரு,
ஆந்தை மாதிரி நேராக என்னையே பார்த்தது.
"நூற்றில் ஒன்றுதான் இது.
மிச்சமெல்லாம் உங்கள் காவல்காரர்கள்."

காவல்காரர்கள்.
என் உடம்பின் ஜாகாக்கள்
அவனைச் சுற்றிப் பூவிதழ் போல வட்டம் கட்டி
நிற்கிறார்கள். நிற்க மட்டும் செய்கிறார்கள்.
தினம் நான் தடவிப் பார்த்த வீக்கம்
அந்தக் கூட்டத்தின் வீக்கம்.

கூப்பிட்டதே அவன்தானாம்.
வாசனை மாதிரி எதையோ கசியவிட்டு
ஒவ்வொருவராக வரவழைத்தானாம்.
தன் அடையாள அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு
கிட்டே வருகிறவனுக்குக் கை கொடுப்பான்.
கை பட்டதும் வந்தவனுக்குத் தோள் தளரும்,
தடி இறங்கும்.
குப்பையை விழுங்க வந்த பெரிய செல்கள்கூட
அவனுக்கு வேலி கட்டி, தீனி போட்டு...
மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னவர்,
"புரிகிறதா அங்கிள்?" என்றார்.

புரியாமல் என்ன.
குணாளனின் ஹைலக்ஸ், ராத்திரி இரண்டே கால்.
ரொட்டி சானாய் இரண்டு,
பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக்.
இறங்கி வந்து முதலில் கை கொடுப்பான்.
"உடம்பு எப்படிண்ணே?"
என் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து அளவு
எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.
தார்ப்பாயின் கீழே என்னவென்று நான் கேட்டதில்லை.
அவன் மிரட்டியதும் இல்லை.
புத்தகத்தில் அந்த நேரத்துக்கு
ஒரு கோடு போடுவேன்.

ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி போனது,
கொட்டையும் போனது.
அடுத்த தீபாவளிக்கு முன் அக்குளில் வந்து உட்கார்ந்தது.
இப்போது வேறு புட்டி.
இது தானாக யாரையும் கொல்லாதாம்.
கொடுத்த கையைத் தட்டிவிடும், அவ்வளவுதான்,
பிறகு காவல்காரன் பாடு.
விழித்த வேகத்தில்
வீட்டு ஆளையே அடித்தாலும் அடிப்பார்களாம்.
தோல் தடித்தால், வயிறு போனால்
உடனே வரச் சொன்னார் டாக்டர்.

மூன்றாவது புட்டிக்குப் பிறகு முழங்கையெல்லாம் தடிப்பு.
போய்க் காட்டினேன். களிம்பு கொடுத்தார்கள்.
நாகேஸ்வரி திட்டிக்கொண்டே தடவுகிறாள்.
எனக்கு என்னவோ சந்தோஷம்.
உள்ளே எவனோ எழுந்துவிட்டான்,
டார்ச்சைக் கண்டபடி அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

நேற்று வேலைக்குத் திரும்பினேன்.
ஒன்பதாம் பிளாக்கில், எலிக்காகக் கம்பெனி வைத்த பெட்டியிலிருந்து
வெள்ளை ஆந்தை எட்டிப் பார்த்தது.
அந்தக் கண்ணை இனி எனக்குப் பிடிக்கப் போவதில்லை.
ஆனாலும் அது தன் வேலையைத்தான் பார்க்கிறது.

இரண்டே கால். விளக்கு வெளிச்சம்.
கை நீண்டது.
தே தாரிக் சூடாகத்தான் இருந்தது, வாசனை அடித்தது.
புத்தகத்தைத் திறந்து
"வண்டி நம்பர் என்ன?" என்று கேட்டேன்,
ஒன்பது வருஷமாக
மனப்பாடமாக இருக்கும் நம்பரை.